ஐம்பது ஆண்டுகள் நடந்த ஆமை

பினாங்குத் தீவின் மேற்குப் பகுதியில், மலைகளுக்கு அப்பால் அமைந்துள்ளது பாலிக் புலாவ். மலாய் மொழியில் இப்பெயருக்குத் ‘தீவின் பின்புறம்’ என்று பொருள். ஜார்ஜ்டவுனின் பரபரப்பு இங்கு இல்லை. டுரியான் தோட்டங்களும் ஜாதிக்காய் மரங்களும் நெல்வயல்களும் சூழ்ந்த அமைதியான வட்டாரம் இது. இவ்வட்டாரப் பள்ளி ஒன்றின் வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்வோம். மேசையின் ஒரு முனையில் ஒரு ஜாதிக்காய் இருக்கிறது. அது தானாகவே நகர்ந்து மறுமுனைக்குப் போக வேண்டும். அதில் நூல் கட்டக்கூடாது. யாரும் அதைத் தள்ளுவது கண்ணுக்குத் தெரியவும் கூடாது. இது நடக்குமா?

நடக்கும். அதற்கு ஒரு கைப்பேசியும் நிறையப் பொறுமையும் போதும். முதலில் கைப்பேசியை அசையாதபடி ஒரு தாங்கியில் பொருத்த வேண்டும். ஜாதிக்காயை ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு அதை 1 சென்டிமீட்டர் நகர்த்தி வைத்து, கையை விலக்கிக்கொண்டு, மற்றொரு படம் எடுக்க வேண்டும். மீண்டும் 1 சென்டிமீட்டர். மீண்டும் ஒரு படம். மேசையின் அகலம் 60 சென்டிமீட்டர் என்றால் இதனை 60 முறை செய்ய வேண்டும். அந்தப் படங்களை வினாடிக்கு 12 என்ற கணக்கில் தொடர்ந்து ஓடவிட்டால், ஜாதிக்காய் ஏறக்குறைய 5 வினாடிகளில் மேசையைக் கடந்துவிடும். காயை நகர்த்திய கை எந்தப் படத்திலும் இராது. பார்ப்பவர் கண்ணுக்குக் காய்தான் நடந்து போகும்.

பொருளை நிறுத்தி நிறுத்திப் படமெடுத்து, அதற்கு உயிர் வந்தது போன்ற தோற்றத்தை உண்டாக்கும் இந்தக் கலையை ‘ஸ்டாப் மோஷன்’ என்பர். அசைவூட்டப்படங்களில் இதுவும் ஒரு வகை. நம் முன்னோர் வளர்த்த பொம்மலாட்டத்திற்கும் தோற்பாவைக் கூத்திற்கும் இது உறவுமுறை உடையது எனலாம். ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. பொம்மலாட்டக் கலைஞரின் கை ஆட்டம் முடியும் வரை ஓயாமல் இயங்கும். ஸ்டாப் மோஷன் கலைஞரின் கையோ ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே இயங்கும். அக்கை இலைமறை காய் போல மறைந்திருக்கும்.

திரைப்படங்களில் பொதுவாக ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அப்படியானால் ஒரு நிமிடத்திற்கு 1,440 படங்கள். பத்து நிமிடத்திற்கு 14,400 படங்கள். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், இந்தப் பாடத்தில் வரும் ஒரு சிறிய படத்தின் கதை நன்கு விளங்கும். அப்படம் தொடங்கப்பட்ட ஆண்டு 1952. அது முடிக்கப்பட்ட ஆண்டு 2002. நாம் அனைவரும் சிறு வயதிலேயே கேட்ட முயல் ஆமைக் கதைதான் அந்தப் படத்தின் கதை.

அம்மாவின் பழைய மேலங்கி

அந்தப் படத்தைத் தொடங்கியவர் ரே ஹாரிஹவுசன். இவர் 1920ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பிறந்தார். 1933ஆம் ஆண்டு, தமது பதின்மூன்றாம் வயதில், ‘கிங் காங்’ என்னும் திரைப்படத்தைப் பார்த்தார். பெரிய குரங்கு ஒன்று உயரமான கட்டடத்தின் உச்சியில் ஏறி நிற்கும் அந்தப் படம் அவரைக் கட்டிப்போட்டது. அந்தக் குரங்கு உண்மையானதன்று. உடையணிந்த மனிதரும் அல்லர். அது ஒரு சிறிய பொம்மை. வில்லிஸ் ஓபிரையன் என்னும் கலைஞர் அதனைச் சிறுகச் சிறுக அசைத்துப் படமெடுக்கச் செய்திருந்தார்.

இந்த உண்மை தெரிந்த பிறகு ரேயின் மனம் வேறெதிலும் செல்லவில்லை. வீட்டிலேயே பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ஒரு கரடி பொம்மைக்கு உரோமம் தேவைப்பட்டபோது அம்மாவின் பழைய உரோம மேலங்கியே துணியாயிற்று. அம்மா மார்த்தாவும் அப்பா ஃபிரெட்டும் மகனின் ஆர்வத்தைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. அப்பா இயந்திர வேலை அறிந்தவர். மகன் வரைந்து கொடுத்த வடிவங்களைப் பார்த்து, பொம்மைகளுக்குள் வைக்கும் உலோக எலும்புக்கூடுகளை அவர் செய்து கொடுத்தார். அம்மா பொம்மைகளுக்கு உடை தைத்தார். இவ்வாறு ஒரு குடும்பமே அந்தச் சிறுவரின் கனவுக்குக் கைகொடுத்தது.

ஒருநாள் ரே துணிந்து ஓபிரையனைத் தொலைபேசியில் அழைத்தார். பின்னர், தாம் செய்த டைனோசர் பொம்மைகளை எடுத்துக்கொண்டு அவரைச் சந்திக்கச் சென்றார். பாராட்டு கிடைக்கும் என்பது இளைஞரின் எதிர்பார்ப்பு. ஓபிரையனோ, அந்தப் பொம்மையின் கால்கள் தொத்திறைச்சி போல இருக்கின்றன என்று சொல்லிவிட்டார். விலங்குகளின் உடலமைப்பைக் கற்றுக்கொள்ளும்படியும் அறிவுரை கூறினார். ரே அச்சொல்லைக் கேட்டு மனம் உடைந்துவிடவில்லை. உடற்கூற்றியலும் சிற்பமும் கற்கத் தொடங்கினார். எலும்பு எங்கே மடங்கும், தசை எங்கே புடைக்கும், உடலின் எடை எந்தக் காலில் இறங்கும் என்பன தெரிந்த பிறகு, அவருடைய பொம்மைகள் உண்மையான விலங்குகளைப் போல நடக்கலாயின. பல ஆண்டுகள் கழித்து, 1949ஆம் ஆண்டு வெளிவந்த ‘மைட்டி ஜோ யங்’ என்னும் படத்தில் அதே ஓபிரையனுடன் சேர்ந்து பணியாற்றும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. குறை சொன்னவரே பிற்காலத்தில் குருவாகவும் தோழராகவும் ஆனார்.

ஒதுக்கப்பட்ட படச்சுருள்

இரண்டாம் உலகப் போரின்போது ரே அமெரிக்க இராணுவத்தில் திரைப்படப் பிரிவில் பணிபுரிந்தார். போர் முடிந்தபின், காலாவதியாகிவிட்டதால் யாருக்கும் வேண்டாமென ஒதுக்கப்பட்ட வண்ணப் படச்சுருள் அவருக்குக் கிடைத்தது. பிறர் குப்பை எனக் கருதியதை அவர் மூலதனமாக்கினார். அந்தச் சுருளைக் கொண்டு, 1946ஆம் ஆண்டில் குழந்தைப் பாடல்களைத் தழுவிய சில குறும்படங்களைத் தொகுப்பாக எடுத்து முடித்தார்.

அதன்பிறகு ‘சிவப்புத் தொப்பிச் சிறுமி’, ‘ராபன்சல்’, ‘ஹான்சலும் கிரேட்டலும்’, ‘மைதாஸ் மன்னன்’ என ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுவர் கதைகள் அவர் கையில் படங்களாயின. அவற்றுள் மைதாஸ் மன்னன் கதை 1953ஆம் ஆண்டு வெளிவந்தது. இப்படங்கள் பள்ளிகளுக்காகவே எடுக்கப்பட்டவை. வகுப்பறைத் திரையில் இவற்றைப் பார்த்த மாணவர்கள் பலர்.

படப்பிடிப்பு நடந்த இடம் பெரிய அரங்கமன்று. வீட்டின் வாகனக் கொட்டகை. அங்கு ரேயே பொம்மை செய்பவர், அவரே விளக்கு அமைப்பவர், அவரே ஒளிப்பதிவாளர், பொம்மையை அசைப்பவரும் அவரே. அந்தக் காலத்தில் இப்பணி எவ்வளவு கடினமானது என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று கைப்பேசியில் எடுத்த படத்தை உடனே பார்க்கலாம். பிழையானால் அழித்துவிட்டு மீண்டும் எடுக்கலாம். அன்று அது இயலாது. படச்சுருளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, அது கழுவப்பட்டுத் திரும்பி வந்தபிறகுதான் எடுத்த காட்சி எப்படி அமைந்தது என்பது தெரியவரும்.

அதுவரை அனைத்தும் கலைஞரின் நினைவில்தான் இருக்க வேண்டும். பொம்மையின் வலக்கை மேலே போய்க்கொண்டிருந்ததா, கீழே வந்துகொண்டிருந்ததா? தலை எந்தப் பக்கம் திரும்பியது? கண் எத்தனை படங்களுக்கு முன்பு இமைத்தது? இடையில் ஒருவர் பேச்சுக் கொடுத்தால்கூட நினைவு தடுமாறும். பொம்மை முன்பு இருந்த இடத்தை நினைவில் கொள்ள, கூரிய முனையுடைய ஓர் அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்தி வைப்பார்கள். ஒளிப்பதிவுக் கருவியை யாரேனும் தெரியாமல் இடித்துவிட்டாலோ, நடுவில் ஒரு விளக்கு அணைந்துவிட்டாலோ, அந்தக் காட்சியை முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

பொம்மையின் அமைப்பும் கவனத்திற்குரியது. உள்ளே உலோக எலும்புக்கூடு. அதன் மூட்டுகளில் குழிக்குள் பொருந்திய உருண்டைகள். நம் தோள்பட்டை மூட்டும் இத்தகைய அமைப்பே. மூட்டு மிகவும் தளர்ந்திருந்தால் தூக்கிய கை தொய்ந்து விழும். மிகவும் இறுகியிருந்தால் சிறிதளவு அசைப்பது இயலாது. பொம்மை சட்டென்று துள்ளிவிடும். தளர்வுக்கும் இறுக்கத்துக்கும் இடைப்பட்ட அந்தப் பதத்தைக் கண்டறிவதில்தான் கைத்திறன் இருக்கிறது. எலும்புக்கூட்டின் மேல் இரப்பரால் சதை அமைத்து, வண்ணம் தீட்டி, உடை அணிவித்தால் பொம்மை நடிக்க ஆயத்தமாகிவிடும்.

பாதி வழியில் நின்ற ஓட்டம்

1952ஆம் ஆண்டு ரே முயல் ஆமைக் கதையைக் கையில் எடுத்தார். பண்டைக் கிரேக்க நாட்டின் ஈசாப் பெயரால் வழங்கும் கதைகளுள் இதுவும் ஒன்று. தன் வேகத்தைப் பற்றிப் பெருமை பேசும் முயல், வழியில் உறங்கிவிடுகிறது. ஆமை நிற்காமல் நடந்து வெற்றி பெறுகிறது. இக்கதையைக் கேளாத குழந்தை இல்லை எனலாம்.

வழக்கம்போல் பொம்மைகள் செய்யப்பட்டன. ஆமையும் முயலும் ஒளிப்பதிவுக் கருவிக்கு முன் வந்து நின்றன. சில நிமிடக் காட்சிகளும் படமாக்கப்பட்டன. அந்த வேளையில்தான் ரேயின் வாழ்க்கையில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. பெரிய திரைப்படம் ஒன்றின் சிறப்புக் காட்சிகளை அமைக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பனிப் பாறைகளுக்கிடையே உறங்கிக் கிடந்த பழங்கால விலங்கு ஒன்று, அணுகுண்டுச் சோதனையால் விழித்தெழுந்து நகரத்துக்குள் புகும் கதை அது. ‘தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்’ என்னும் அப்படம் 1953ஆம் ஆண்டு வெளிவந்தது.

அதன்பின் வாய்ப்புகள் தேடி வந்தன. ஒரு படம் முடியும் முன்பே மற்றொன்று காத்திருந்தது. 1963ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ படத்தில், ஏழு எலும்புக்கூடுகள் மூன்று வீரர்களுடன் வாட்போர் புரியும் காட்சி ஒன்று வருகிறது. திரையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் அக்காட்சிக்காக ரே நான்கு மாதங்களுக்கு மேல் உழைத்தார். உலகெங்கும் பல கலைஞர்கள் இக்கலைக்கு வரத் தூண்டுகோலாய் அமைந்த காட்சி அது.

இதற்கிடையில் ஆமையும் முயலும் என்ன ஆயின? பாதி வழியில் நின்றவை நின்றவைதாம். ஐம்பதுகளில் நின்ற ஓட்டம் அறுபதுகளிலும் தொடரவில்லை, எழுபதுகளிலும் தொடரவில்லை. ரே 1981ஆம் ஆண்டு ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ என்னும் படத்துடன் திரைப்படப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போதும் அந்தச் சிறிய படம் முடிவடையவில்லை.

இதை ரேயின் சோம்பல் என்று கூற முடியாது. கதையில் வரும் முயல் வேலையை விட்டுவிட்டு உறங்கியது. ரே உறங்கவில்லை, வேறு வேலைகளில் மூழ்கிவிட்டார். தொடங்கிய ஒன்றை முடிக்க முடியாமல் போவது வாழ்க்கையில் பலருக்கும் நேர்வதுதான். பாதியில் நின்ற வேலையை என்ன செய்கிறோம் என்பதே முக்கியம். ரே அந்தப் பொம்மைகளைத் தூக்கி எறியவில்லை. எடுத்த காட்சிகளையும் அழிக்கவில்லை. கண்ணை இமை காப்பது போல அவற்றைக் காத்து வைத்திருந்தார்.

கைமாறிய பொம்மைகள்

ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடந்தது. மார்க் கபலெரோ, சீமஸ் வால்ஷ் என்னும் இரு இளம் கலைஞர்கள் ரேயை அணுகினர். இருவரும் ஸ்டாப் மோஷன் கலையில் ஈடுபாடு கொண்டவர்கள். ரேயின் படங்களை விரும்பிப் பார்த்தவர்கள். நின்றுபோன முயல் ஆமைப் படத்தை முடித்துத் தர அவர்கள் முன்வந்தனர்.

ரேயின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். அப்பா செய்து கொடுத்த எலும்புக்கூடுகள், அம்மா தைத்த உடைகள், தாமே வார்த்த உருவங்கள் என அமைந்த இளமைக்கால உழைப்பு அது. அதை வேறு இருவரின் கையில் கொடுப்பது எளிதா? இரப்பர் பொம்மைகள் நாளடைவில் காய்ந்து வெடிக்கும் தன்மையுடையவை. தவறாக வளைத்தால் உடைந்துவிடும். இளையோர் பணியில் ஏதேனும் பிழை நேர்ந்தால் பழைய காட்சிகளின் பெருமையும் கெட்டுவிடக்கூடும். இருந்தும் ரே அவர்களை நம்பினார். பழைய பொம்மைகள் புதிய கைகளுக்குச் சென்றன. ரே வழிகாட்டியாக உடனிருந்தார்.

இளையோர் இருவருக்கும் காத்திருந்த சோதனையும் சிறியதன்று. ஒரே படத்தில் 1952ஆம் ஆண்டுக் காட்சியும் புதிய காட்சியும் அடுத்தடுத்து வரும். ஒட்டுப் போட்ட இடம் பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. நிறம் ஒத்திருக்க வேண்டும். விளக்கொளி விழும் திசை ஒத்திருக்க வேண்டும். அவற்றைவிட முக்கியமாக, ஆமை நடக்கும் விதம் ஒத்திருக்க வேண்டும். அவர்களிடம் இருந்த புதுமையான கருவிகளையும் உத்திகளையும் காட்டிப் பெயர் வாங்க அது இடமன்று. மற்றொருவரின் கையெழுத்தில் ஒரு கடிதத்தை எழுதி முடிப்பது போன்ற பணி அது. தம் திறமையை மறைத்துக்கொள்வதே அங்குத் திறமை.

2002ஆம் ஆண்டு, ரேயின் 82ஆம் வயதில், படம் நிறைவு பெற்றது. ஆமை எல்லைக்கோட்டைத் தொட்டது. அடுத்த ஆண்டு, அசைவூட்டப்படத் துறையில் உயரியதாகக் கருதப்படும் ஆனி விருது இக்குறும்படத்திற்கு வழங்கப்பட்டது. ரே 2013ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் இலண்டனில் காலமானார். தாம் தொடங்கிய கதையின் முடிவைத் திரையில் கண்ட நிறைவு அவருக்குக் கிட்டியிருந்தது.

நம்மவர் காட்டிய பொறுமை

இத்தகைய பொறுமை மேலைநாட்டினருக்கு மட்டும் உரியதன்று. இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாகேப் பால்கேயின் வரலாறும் இதையே காட்டுகிறது. திரைப்படம் எடுக்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது. வெறும் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்க யார் வருவார்? 1912ஆம் ஆண்டில் அவர் தொட்டியில் ஒரு பட்டாணி விதையை ஊன்றினார். அது முளைத்து வளர்வதைச் சிறுகச் சிறுகப் படமெடுத்தார். நாள்கணக்கில் நடந்த வளர்ச்சி திரையில் கண்முன்னே நிகழ்ந்தது. அந்தச் சிறிய படம் பணம் உடையோரின் மனத்தைக் கரைத்தது. அதன்பிறகே, 1913ஆம் ஆண்டு, ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்னும் முழுநீளப் படம் பிறந்தது. தீக்குச்சிகளை அசைத்தும் பால்கே ஒரு படம் எடுத்தார். தானாக நகரும் ஜாதிக்காய்க்கு அந்தத் தீக்குச்சிகள் மூத்த உறவு.

நம் மலேசியாவிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. முதலைகளை ஆற்றில் வரிசையாக நிற்க வைத்து, எண்ணுவது போல நடித்து, அவற்றின் முதுகின்மீது தாவி அக்கரை சேர்ந்த சருகுமானை நாம் அறிவோம். மலாய் நாட்டுப்புறக் கதைகளில் அதன் பெயர் சாங் கஞ்சில். அதனை நம் நாட்டின் முதல் அசைவூட்டக் குறும்படத்தில் உலவ விட்டவர் ஆனந்தம் சேவியர். இவர் பிலேம் நெகாரா மலேசியா நிறுவனத்தில் பணிபுரிந்தவர். ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’ என்னும் அந்தப் படம் பொம்மைகளைக் கொண்டு எடுக்கப்பட்டதன்று, கையால் வரையப்பட்டது. ஆயினும், அடிப்படை ஒன்றுதான். ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் சிறிதளவே வேறுபாடு. அவ்வேறுபாடுகள் ஆயிரமாயிரம் சேர்ந்தால் ஓர் அசைவு.

இக்குறும்படம் 1978ஆம் ஆண்டில் முடிக்கப்பட்டது. ஆனால், ஆர்.டி.எம். தொலைக்காட்சியில் ஒளியேறியதோ 1983ஆம் ஆண்டில்தான். வரைந்து முடித்தபிறகும் ஐந்தாண்டுக் காத்திருப்பு! எனினும், அது வீண்போகவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் சாங் கஞ்சில் குரங்கையும் முதலையையும் சந்திக்கும் படங்கள் வெளிவந்தன. இன்று மலேசிய அசைவூட்டப்படங்கள் உலக நாடுகளில் பார்க்கப்படுகின்றன. அந்த நெடும் பயணத்தின் முதல் அடியை அந்தச் சருகுமான் எடுத்து வைத்தது.

முயல் வந்தது, ஆமை நிற்கவில்லை

1993ஆம் ஆண்டு ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படம் வெளிவந்தது. அதில் கணினியில் உருவாக்கிய டைனோசர்கள் ஓடின. பொம்மையைத் தொட்டுத் தொட்டு அசைக்கும் பழைய முறை இனி தேவையில்லை என்று பலரும் நினைத்தனர். கணினி முயலாகப் பாய்ந்து முன்னே சென்றது. ஆனால், ஆமை நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிக்கன் ரன்’ களிமண் போன்ற பொருளால் செய்த கோழிகளைக் கொண்டு எடுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு கீயெர்மோ டெல் டோரோ உருவாக்கிய ‘பினோக்கியோ’வும் ஸ்டாப் மோஷன் படமே. மரப்பொம்மைச் சிறுவனைப் பற்றிய பழைய சிறுவர் கதையை, பொம்மையைக் கொண்டே சொன்ன படம் அது. 2023ஆம் ஆண்டு சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கார் விருதை அப்படம் வென்றது.

கணினியால் எல்லாம் முடியும்போது, கையால் அசைப்பவர்கள் ஏன் இன்னும் இருக்கிறார்கள்? கை தொட்ட பொருளில் ஒரு தனித்தன்மை இருக்கிறது. துணியின் மடிப்பும் களிமண்ணில் பதிந்த விரல்ரேகையும் திரையில் தெரியும். அங்கே ஒரு மனிதர் பொறுமையுடன் இருந்தார் என்பதற்கு அவை சாட்சி. விரைவு ஒரு சிறப்பு என்றால், நிதானமும் ஒரு சிறப்புத்தான். இரண்டிற்கும் உலகில் இடமுண்டு.

‘அடிமேல் அடியடித்தால் அம்மியும் நகரும்’ என்பது நம் பழமொழி. ஸ்டாப் மோஷன் கலையில் இப்பழமொழி நேர்ப்பொருளிலேயே உண்மையாகிவிடுகிறது. ஒருவர் விரும்பினால் அம்மிக்கல்லையும் திரையில் நடக்க வைக்கலாம். ஒவ்வொரு முறையும் சிறிதளவு நகர்த்திவிட்டு, கையை விலக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது பாலிக் புலாவ் வகுப்பறைக்குத் திரும்புவோம். மேசைமேல் இருந்த ஜாதிக்காய் இந்நேரம் பாதி தூரம் வந்திருக்கும். மணி அடித்துவிட்டது; பேருந்துக்கு நேரமாகிறது. மாணவர்கள் என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போகலாம். அல்லது, காய் இருக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டு, எடுத்த படங்களைச் சேமித்து வைத்துவிட்டுப் போகலாம். நாளை அவர்களே வந்து தொடரலாம். அவர்களால் இயலாவிட்டால், அடுத்த வகுப்பு மாணவர்கள் தொடரலாம். ரே ஹாரிஹவுசனின் ஆமை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. பாதியில் நின்ற வேலை தோற்றுப்போன வேலை ஆகாது. அதைப் பத்திரமாக வைத்திருந்தால், என்றேனும் ஒரு கை வந்து அடுத்த அடியை எடுத்து வைக்கும்.

சிந்தித்து விடையளி

1. ஸ்டாப் மோஷன் கலைக்கும் பொம்மலாட்டத்திற்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.
2. ஓபிரையன் கூறிய குறையை ரே எவ்வாறு ஏற்றுக்கொண்டார்? அதனால் அவர் அடைந்த பயன் யாது?
3. ‘தம் திறமையை மறைத்துக்கொள்வதே அங்குத் திறமை’ என்னும் தொடரின் பொருளை உன் சொந்த நடையில் விளக்குக.
4. முயல் ஆமைக் கதைக்கும், அக்கதை படமான வரலாற்றுக்கும் இடையே நீ காணும் ஒற்றுமை வேற்றுமைகள் யாவை?
5. வினாடிக்கு 12 படங்கள் என்ற கணக்கில் 20 வினாடிப் படம் ஒன்றை எடுக்க எத்தனை படங்கள் தேவை? உன் குழுவினருடன் சேர்ந்து, நாட்டுப்புறக் கதை ஒன்றின் ஒரு காட்சியை இம்முறையில் படமாக்கி வகுப்பில் படைத்திடுக.